மேலே நின்று சொல்வதும் கீழே நின்று கேட்பதும்

துறைமுகத்தில் எனக்குப் பிரியாவிடை வைத்த அன்று, ஓய்வுபெறுகிறவனிடம் எல்லோரும் கேட்கும் கேள்விகளைத்தான் கேட்டார்கள். இனி என்ன செய்யப் போகிறீர்கள், பிள்ளைகளோடு போய் இருப்பீர்களா, பொழுது போகுமா என்று. ரவீந்திரன் என்ற புதிய சுழியோடி மட்டும் வேறொன்று கேட்டார். இப்போதைய சுழியோடிகள் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலடிக்குப் போய்வருகிறவர்கள். எங்கள் காலத்துச் செப்புத் தலைக்கவசத்தையும் கயிற்றையும் களஞ்சியத்தில்தான் அவர் பார்த்திருக்கிறார்.

"ஐயா, கயிறு உங்கட கையில. கீழ நிக்கிறவர் மேல வர விருப்பமில்லை எண்டு சொன்னால் என்ன செய்வீங்கள்? இழுப்பீங்களா, விடுவீங்களா?"

அங்கே எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் நான் வேலை பார்த்த காலத்தில் கொஞ்சம் அதிகமாக யோசித்த கேள்வி அதுதான். அவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் சுழியோடி அல்ல. சுழியோடிக்குக் கயிறு பிடித்தவன். வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போவதற்குக் கொஞ்சம் முன்னர் காற்றுப்பம்பின் சக்கரம் சுற்றுகிறவனாகச் சேர்ந்தேன். அவர்கள் போனபின் சுழியோடும் படகும் பம்பும் ஆட்களும் அப்படியே துறைமுக வேலைக்கு மாறினோம். சில வருடம் சக்கரம் சுற்றினேன், சில வருடம் சுழியோடிக்கு உடுப்புப் போட்டுவிட்டேன், பிறகு கயிறு கைக்கு வந்தது.

அந்த உடுப்பைப் போடுவது ஒரு தனி வேலை. முதலில் தடித்த கம்பளி, அதற்கு மேலே கன்வஸும் ரப்பரும் சேர்த்துத் தைத்த முழு உடுப்பு. மணிக்கட்டு இறுக்கமாக இருப்பதால் கைக்குச் சவர்க்காரத் தண்ணீர் தடவித்தான் நுழைக்க வேண்டும். தோளில் செப்புத் தகடு, அதைச் சுற்றித் திருகாணிகள், காலில் ஈயச் சப்பாத்து, நெஞ்சிலும் முதுகிலும் ஈயக் கட்டி. கடைசியில்தான் தலைக்கவசம். முகக் கண்ணாடியைத் திருகி மூடுவதற்கு முன் பம்பு ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். கண்ணாடி மூடியபின் அந்த மனிதனோடு வாயால் கதைக்க ஏலாது. கயிறுதான் கதை. மேலிருந்து ஒருதரம் இழுத்தால் 'சுகமா?' கீழிருந்து ஒருதரம் இழுத்தால் 'சுகம்.' கீழிருந்து இரண்டுதரம் என்றால் 'இன்னும் நிற்கப் போகிறேன்.' மேலிருந்து நாலுதரம் என்றால் 'வா.' அவ்வளவு சொற்களை வைத்துக்கொண்டுதான் நாங்கள் குடும்பம் நடத்தினோம்.

எங்கள் படகுக்குப் பொறுப்பாக இருந்தவர் தர்மலிங்கம் மாஸ்டர். வெள்ளை அரைக்காற்சட்டை, கஞ்சி போட்டுத் தேய்த்தது, எண்ணெயும் சேறும் தெறிக்கும் படகிலும் மத்தியானம் வரை வெள்ளையாகவே இருக்கும். சத்தம் போட்டதை நான் கேட்டதில்லை. ஒருவனைக் கடலுக்குள் இறக்குவதற்கு முன் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவார். என்ன சாப்பிட்டாய், நித்திரை வந்ததா, வீட்டில் ஏதும் சண்டையா என்று கேட்பார். சண்டை என்று தெரிந்தால் அன்று வேறு ஆள். அவரிடம் போய் "எனக்கு விருப்பம்" என்று மட்டும் சொல்லி ஒன்றும் வாங்க ஏலாது. லீவு கேட்டாலும் சரி, இறங்கும் முறையை மாற்றிக் கேட்டாலும் சரி, "விருப்பம் எண்டது விளங்குது. காரணத்தைச் சொல்லும்" என்பார்.

அவரோடு சரிக்குச் சரி கதைக்கக்கூடிய ஒரே ஆள் இஸ்மாயில் காக்கா. குடாவுக்கு அக்கரை மூதூர்க்காரர்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். சின்ன வயதில் சங்கு குளித்துப் பழகியவர், எங்கள் சுழியோடிகளில் மிக ஆழத்துக்குப் போகக்கூடியவர். சாப்பாட்டு நேரத்தில் படகின் நிழல் பக்கமாக உட்கார்ந்து இரண்டு பேரும் தொடங்குவார்கள்.

"கப்பல் உடைஞ்சு தத்தளிக்கிறவன் தாகத்தில கடல்தண்ணியைக் குடிக்க ஆசைப்படுவான். ஆசை இருக்கு. குடிக்கிறதுக்குக் காரணம் இருக்கா?" என்பார் மாஸ்டர்.

"அவன் ஆசைப்படுறது கடல்தண்ணிக்கு இல்ல மாஸ்டர். தாகம் தீர. கடல்தண்ணி தாகம் தீர்க்காது எண்டு தெரிஞ்சா அவனே வேணாம் எண்டுவான்."

"அப்ப தெரிஞ்சவன்ர ஆசையைத்தான் கணக்கில எடுக்கவேணும், தெரியாதவன்ர ஆசையை விடவேணும் எண்டுறீர்."

"அப்பிடித்தான் வைங்க. ஆனா ஆசையே இல்லாட்டி காரணம் எங்கயிருந்து வரும்? தாகமே இல்லாதவனுக்குக் கிணத்தைக் காட்டி என்ன பிரயோசனம்?"

"காய்ச்சல்காரனுக்குத் தாகம் தெரியாது. அவன் குடிக்கத்தான் வேணும்."

பம்புக்காரர்கள் நாங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேருவோம். அப்போது அது எங்களுக்குப் பொழுதுபோக்கு.

ஒருமுறை உட்துறைமுகத்தில் பெரிய மிதவை ஒன்றின் சங்கிலி அறுந்து அடியில் கிடந்தது. எங்கள் துறைமுகம் எவ்வளவு ஆழம் என்று கப்பற்காரர்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் இருபது பாகத்துக்கும் கூட, பாகம் என்றால் ஆறடி. அவ்வளவு ஆழத்துக்குக் காற்று அனுப்ப இரண்டு பம்புகளைச் சேர்த்துச் சுற்ற வேண்டும். இஸ்மாயில் காக்கா இறங்கி, கிடக்கும் சங்கிலியில் எங்கள் இரும்புக் கம்பியின் கொளுக்கியை மாட்டிவிட்டு வரவேண்டும். கயிறு என் கையில்.

போன வேலை முடிகிற நேரம் வந்தது. நான் நாலுதரம் இழுத்தேன். இரண்டுதரம் பதில் வந்தது, இன்னும் நிற்கிறேன் என்று. கொஞ்சம் விட்டு மறுபடி இழுத்தேன். மறுபடி இரண்டு. அந்த இழுப்பில் ஓர் உல்லாசம் இருந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், கயிற்றில் அது தெரியும். அவர் வேலை செய்துகொண்டிருக்கிறார், விட்டுப் பார்ப்போம் என்று எனக்குத் தோன்றியது. மாஸ்டர் வந்து கயிற்றில் இரண்டு விரலை வைத்தார்.

"எடு சிவம்."

"அவர் நிக்கப்போறன் எண்டு சொல்றார் மாஸ்டர்."

"சொல்றது அவரில்லை. எடு."

இழுத்தோம். அவர் மறித்தார். சேற்றில் காலை ஊன்றிக்கொண்டு நிற்பது தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, நிறுத்தி நிறுத்தித்தான் எடுக்க வேண்டும், அவசரப்பட்டால் இரத்தத்தில் காற்றுக் குமிழி வந்து ஆளை முடக்கிவிடும். மேலே கொண்டுவந்து கண்ணாடியைத் திறந்தபோது இஸ்மாயில் காக்காவின் முகத்தில் கண்ணீர்.

"ஏன் எடுத்தீங்க? நான் எவ்வளவு சந்தோசமா நிண்டன் தெரியுமா?"

"கொளுக்கி மாட்டினீரா?"

"மாட்டிட்டன். அல்லா மேல சத்தியமா மாட்டிட்டன்."

கம்பியை இழுத்துப் பார்த்தோம். வெறும் கொளுக்கி வந்தது. அது பூட்டப்பட்டிருந்தது, ஆனால் ஒன்றையும் பிடித்திருக்கவில்லை. அவர் தண்ணீரைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

ஆழத்தில் சில பேருக்கு இப்படி வரும். குடித்தவனைப்போல் ஆகிவிடுவார்கள். எங்களுக்குள் அதை 'மப்பு' என்போம். சிலருக்குப் பயம் வரும், சிலருக்குப் பெரிய ஆனந்தம். மேலே வர வர அது தானாகவே தெளிந்துவிடும். அன்று தேத்தண்ணி குடித்து ஆறியபின் இஸ்மாயில் காக்கா அந்தக் கொளுக்கியை மடியில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சந்தோசம் பொய்யில்ல மாஸ்டர்," என்றார்.

"பொய் எண்டு நான் சொல்லேல்லை. சந்தோசம் உண்மை. ஆனா அது உமக்கு நல்லதில்லை."

"உண்மையான சந்தோசம் நல்லதில்லாமப் போறது எப்பிடி எண்டு எனக்கு வெளங்கல்ல." பிறகு தானாகவே சொன்னார். "ஆனா ஒண்டு. கீழ நிண்டு நான் கேக்கிறத நீங்க கேக்க வேணாம். இப்ப மேல நிண்டு, தெளிஞ்ச புத்தியோட சொல்றன். நான் வரமாட்டன் எண்டாலும் என்னை எடுங்க. இதுதான் நான் சொல்றது."

அன்றிலிருந்து அது எங்கள் படகின் முறையாகியது. இறங்குவதற்கு முன் ஒவ்வொரு சுழியோடியிடமும் மாஸ்டர் கேட்பார், "வரமாட்டன் எண்டால் எடுக்கலாமா?" என்று. "எடுங்க" என்று வாயால் சொன்னபின்தான் கண்ணாடியை மூடுவோம். நான் ரவீந்திரனுக்குச் சொல்ல வேண்டிய பதில் இத்தோடு முடிந்திருந்தால் நல்லது. முடியவில்லை.

பல வருடம் போயிற்று. இஸ்மாயில் காக்கா கொஞ்சம் சாய்ந்து நடக்கத் தொடங்கினார். முதலில் வாதம் என்றார், எண்ணெய் பூசினார். பிறகு படகின் ஏணியில் ஏற முடியாமல் போயிற்று. நாங்கள் ஒரு பலகையை ஊஞ்சல்போலக் கட்டி அவரை இறக்கி ஏற்றினோம். ஒருவரும் அதைப் பெரிதாகக் கதைக்கவில்லை. கடைசியில் மாஸ்டர் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கூடவே நானும் போனேன்.

அந்த டொக்டர் இளம் பெண். எக்ஸ்ரேப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எங்களுக்கும் காட்டினார்.

"இடுப்பில பொருந்துற இந்தத் தொடையெலும்புத் தலைக்கு இரத்தம் போறது நிண்டு கொண்டு வருது. ஆழத்தில வேலை செய்யிற ஆக்களுக்கு வாறது. இன்னும் ஆழத்துக்குப் போனால் எலும்பு நொறுங்கும். நடக்க மாட்டீங்கள்."

"டொக்டர் அம்மா, ஒண்டு கேக்கட்டா?" என்றார் இஸ்மாயில் காக்கா. "கீழ போனா எனக்கு நோவு இல்ல. ஒரு சொட்டும் இல்ல. மேல வந்தாத்தான் நோவு. அப்ப எந்த இடம் எனக்குக் கூடாத இடம்?"

டொக்டர் சிரிக்கவில்லை. "தண்ணி உங்கட பாரத்தைத் தாங்குது. அதால நோவு தெரியாது. ஆனால் நோவைத் தந்தது அந்த ஆழம்தான். நீங்கள் அங்க போக ஆசைப்படுறது எனக்கு நல்லா விளங்குது. நான் உங்கட இடத்தில இருந்தாலும் ஆசைப்படுவன். அதுக்காகப் போங்கோ எண்டு என்னால சொல்ல ஏலாது. கரையோரமா, நாலைஞ்சு பாகத்துக்குள்ள, கவனமா எண்டால் பெரிய பாதகம் வராது. களஞ்சிய வேலை அதைவிட நல்லது."

படகு கட்டும் ஜெற்றிக்குத் திரும்பி வந்ததும் காக்கா மாஸ்டரை நேரே பார்த்தார்.

"எனக்கு இப்ப மப்பு இல்ல மாஸ்டர். நான் கீழ நிக்கல்ல, தரையில நிக்கன். எல்லாம் தெரிஞ்சு கேக்கன். என்னை விடுங்க. மேல நிண்டு சொல்றதுதான் நான் எண்டு ஒத்துக்கொண்டது நீங்களும்தானே?"

எதற்கும் காரணம் கேட்கிற மாஸ்டர் அன்று காரணம் கேட்கவில்லை. "நாளைக்குக் கதைப்பம்" என்றார்.

மறுநாள் வந்தவர் இஸ்மாயில் காக்காவின் மனைவி சல்மா ராத்தா, எங்களுக்கு அக்கா முறை. இரவு காக்கா வீட்டில் சொன்னதைக் கேட்டு, மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் தன் தம்பியோடு வந்து எங்கள் அலுவலறை வாசலில் நின்றார். மாஸ்டர் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"எல்லாரும் இவர்ட விருப்பத்தைத்தான் கதைக்கிறீங்க. என்ட விருப்பத்த ஒருத்தரும் கேக்கல்ல. காலையில படுக்கையால தூக்கிவிடுறது நான். சப்பாத்துப் போட்டுவிடுறது நான். கால் போனா இவரைச் சுமக்கப் போறதும் நான்தான். எனக்கு இவர் தண்ணிக்குள்ள போறதே விருப்பமில்ல. ஆழமும் வேணாம், கரையும் வேணாம்."

"நீ ஒருநாளும் இப்பிடிச் சொல்லல்லையே," என்றார் இஸ்மாயில் காக்கா.

"நீங்க ஒருநாளும் கேக்கல்லையே."

மாஸ்டர் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு தன் வழக்கமான மெதுவான குரலில் சொன்னார். "இஸ்மாயில், ஆழத்துக்கு இனி இல்லை. இதில நான் உம்மட விருப்பத்தைக் கேக்கேல்லை. நீர் கீழ விழுந்தால் உம்மை எடுக்க இன்னொருத்தன் இறங்கவேணும். அவனுக்கும் ஒரு வீடு இருக்கு. உம்மட உடம்பு உம்மடது எண்டு சொல்லும், ஒத்துக்கொள்றன். அவன்ர உடம்பு உம்மடதில்லை." இஸ்மாயில் காக்கா தலையாட்டினார். மாஸ்டர் தொடர்ந்தார். "கரை வேலை வேற கதை. அதில ஆபத்துக் குறைவு, அதை உம்மட வீட்டுக்காரி ஒருக்காப் பாத்திட்டுச் சொல்லட்டும். பாத்தபிறகும் வேண்டாம் எண்டால் நான் உம்மைக் களஞ்சியத்துக்கு எழுதுவன். சம்மதமா?"

காக்கா ராத்தாவைப் பார்த்துவிட்டு, "ஓம்" என்றார்.

அடுத்த கிழமை ஒரு மத்தியானம், ஜெற்றித் தூண்களில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டும் வேலை. ஆழம் மூன்று பாகம்கூட இல்லை. சல்மா ராத்தாவும் தம்பியும் நிழலில் நின்றார்கள். காக்காவுக்கு உடுப்புப் போடுவதை, சவர்க்காரத் தண்ணீர் தடவுவதிலிருந்து திருகாணி இறுக்குவது வரை, ராத்தா கண்வாங்காமல் பார்த்தார். ஊஞ்சல் பலகையில் உட்காரவைத்தபோது காக்காவின் முகம் நோவில் சுருங்கியது. தண்ணீர் கழுத்துக்கு வந்ததும் அந்தச் சுருக்கம் போய்விட்டது. கண்ணாடிக்குள்ளால் அது எனக்கும் ராத்தாவுக்கும் தெரிந்தது.

ராத்தா கிட்ட வந்தார். "இந்தக் கயிறு எதுக்கு?"

சொன்னேன். ஒரு இழுப்பு என்ன, இரண்டு என்ன, நாலு என்ன என்று. அவர் கையை நீட்டினார். நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் தலையை அசைத்தார். கயிற்றை ராத்தாவின் கையில் கொடுத்து, பின்னால் நானும் பிடித்துக்கொண்டேன்.

அவர் மெல்ல ஒருதரம் இழுத்தார். கீழிருந்து ஒருதரம் வந்தது. ராத்தா திடுக்கிட்டு, பிறகு முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

சுரண்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றது. குமிழிகள் ஒரே இடத்தில், ஒரே அளவாக வந்துகொண்டிருந்தன.

"வேலை முடிஞ்சுது. இனி நாலுதரம் இழுக்கலாம் ராத்தா."

அவர் இழுக்கவில்லை. "இப்ப என்ன செய்யிறார்?"

"சும்மா நிக்கிறார். மீனைப் பாத்துக்கொண்டு நிப்பார்."

"சும்மாவா?" அவர் குமிழிகளையே பார்த்தார். "வீட்டில சும்மா இரிக்க மாட்டார். நோவில புரண்டு புரண்டு இரிப்பார். ராவைக்கும் அப்பிடித்தான்." கயிறு அவர் கையில் அசையாமல் இருந்தது. "கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

அவர் சொல்லும்வரை நாங்கள் காத்திருந்தோம். பிறகு ராத்தாவே நாலுதரம் இழுத்தார்.

மேலே எடுத்துக் கண்ணாடியைத் திறந்ததும் காக்கா கேட்ட முதற் கேள்வி, "ஆரு கயிறு பிடிச்ச?"

"ஏன் காக்கா?"

"நீ இழுத்தா உத்தரவு போடுற மாதிரி இரிக்கும். இது கேள்வி கேக்கிற மாதிரி இருந்திச்சி."

ராத்தா மாஸ்டர் பக்கம் திரும்பினார். "இந்த அளவு தண்ணியெண்டா போகட்டும். படுக்கையால எழும்ப ஏலாத நாள்ல போகக்கூடாது. அது எந்த நாள் எண்டு நான்தான் சொல்லுவன், இவர் இல்ல."

"கேட்டீரா?" என்றார் மாஸ்டர்.

"கேட்டன்," என்றார் காக்கா. அவருடைய குரலில் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் அதன்பிறகு ராத்தா வேண்டாம் என்று சொல்லியனுப்பிய எந்த நாளிலும் அவர் உடுப்புக்குக் கிட்டப் போகவில்லை.

இப்படிச் சில வருடம் கரையோர வேலை செய்தார். டொக்டர் சொன்னதுபோலப் பெரிய பாதகம் வரவில்லை. ஆனால் இருந்த பழுது மெல்ல மெல்லக் கூடியது. மாஸ்டர் ஓய்வுபெற்று லிங்கநகரில் மகளோடு போய் இருந்தார். அவர் இடத்துக்கு நான் வந்தபோது காக்கா ஒருநாள் தானாகவே களஞ்சியத்துக்குக் கேட்டுப் போனார். ஆழத்துக்கு அவரை அனுப்பாமல் விட்டது சரி என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. கரையில் அவரை விட்டது சரியா என்று கேட்டால், டொக்டர் ஒரு பதில் சொல்வார், காக்கா ஒரு பதில் சொல்வார். இரண்டையும் எந்தத் தராசில் வைப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். மப்பில் இருப்பவனின் விருப்பத்தை ஒதுக்குவது லேசு. தெளிந்த மனிதனின் விருப்பம் அவனுக்கே கெடுதல் என்று தோன்றும்போது, அதை ஒதுக்கவும் ஏலாது, அப்படியே தூக்கிக் கொடுக்கவும் ஏலாது. அந்த விருப்பத்தின் பாரத்தை யார் யார் சுமக்கிறார்கள் என்று பார்த்து, அவர்களையும் கூப்பிட்டு வைத்துத்தான் கதைக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற பிறகு மூதூருக்குப் போனேன். காக்கா வாசலில் கதிரையில் இருந்தார், பக்கத்தில் கைத்தடி. தொழுகையும் கதிரையில் இருந்தபடிதான் என்றார். பழைய கதை எல்லாம் கதைத்தோம். மாஸ்டர் காலமானதைப் பற்றியும் கதைத்தோம். உண்மையைச் சொல்லுங்கள், எப்போதாவது மனவருத்தம் வருமா என்று கேட்டேன்.

"உண்மையச் சொன்னா, அந்த ஆழத்துல வந்த சந்தோசம் மாதிரி பிறகு ஒண்டும் எனக்கு வரல்ல தம்பி. நீங்க என்னை இழுத்தெடுத்த அந்த நாள். அது மப்புத்தான், தெரியும். எண்டாலும் வரல்ல."

தேத்தண்ணி கொண்டுவந்த சல்மா ராத்தா வாசற்படியில் நின்றுவிட்டார்.

"அப்ப நான்?"

"உன்னப் பத்தி ஆரு கேட்ட? அது வேற."

"என்ன வேற?"

காக்கா கைத்தடியை ஒரு முழங்காலிலிருந்து மற்றதற்கு மாற்றி வைத்தார். கேட்டது நான் அல்ல என்றாலும் எனக்கும் பதில் வேண்டியிருந்தது.

"நான் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வரக்குள்ள உன்னை ஒருக்கா எண்டாலும் கண்டதில்ல. உங்க வாப்பாவும் எங்க வாப்பாவும் கதைச்சி முடிச்ச. அதனால நான் ஆசைப்பட்டுக் கிடைச்சது எண்டு சொல்ல ஏலாது. இரிந்து இரிந்து வந்தது. எப்ப வந்தது எண்டும் தெரியாது. அதுக்குப் பேர் சந்தோசமா எண்டும் எனக்குத் தெரியாது. ஆனா அது இல்லாம இரிக்க ஏலாது."

ராத்தா கேட்காதவர்போல என் கோப்பையை என்னிடம் தந்தார். காக்காவின் கோப்பையை, குனியாமல் எடுக்கக்கூடிய உயரத்தில், ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே போனார்.